டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிய மீதி

“அவன் சண்டாளன், தாயி. என்னைக் கொல்லாமல் கொல்லுறான். தப்பு முழுக்க அவன் பேர்ல. அனுபவிக்கிறது மட்டும் நானா?”

மடத்து வாசலில் நின்று மாசிலாமணி இப்படித்தான் ஆரம்பித்தார். தோளில் இருந்த சாக்கைத் தொப்பென்று இறக்கினார். உள்ளே சில்லறை குலுங்கியது.

செண்பகத் தாயி சுத்தியலால் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த மலையடி மடத்துக்கு அவர்தான் குரு. மாசிலாமணியைவிட இருபது வயதாவது இளையவர். அதுவே மாசிலாமணிக்கு எரிச்சல். ஆனால் குலை நடுங்கி வந்தவனால் வயசா பார்க்க முடியும்?

“யாரு அவன்?”

“பேரு தெரியாது.”

“என்ன பண்றான்?”

“பின்னாடியே ஓடி வர்றான்.”

தாயி எட்டிப் பார்த்தார். உச்சி வெயில். பாதையில் ஒரு நாய்கூட இல்லை.

“கண்ணுக்குத் தெரியமாட்டான் தாயி. காதுக்குத்தான். ரப்பர் செருப்பு. டப்பு டப்புன்னு. நான் நடந்தாலும் ஓடி வர்றான், ஓடினாலும் ஓடி வர்றான். திரும்பினா சத்தம் நின்னுடுது. முன்னெல்லாம் எங்கேயோ தூரத்துல கேக்கும். இப்போ மூச்சு இங்க படுது.”

கை தானாகப் பிடரிக்குப் போனது.

“இன்னும் ரெண்டு எட்டு வச்சா சட்டையைப் பிடிச்சிடுவான். பிடிச்சான்னா நான் முடிஞ்சேன்.”

“சாக்குல என்ன?”

“சில்லறை. பிரைவேட் பஸ்ல கண்டக்டரா இருந்தேன். அப்போ சேந்தது.”

கிளீனராகப் படியில் தொங்கி, அடி வாங்கி, மேலே வந்தவர் மாசிலாமணி. முதலாளியிடம் தினப்படிக் காசுக்குப் பேரம். சுமைகாரனிடம் மூட்டைக்குப் பேரம். பேரம் பேசாமல் ஒரு டீகூடக் குடித்ததில்லை. குருவிடமும் அதையே எடுத்தார்.

“இந்தக் காசை என்ன செய்யணும்னு சொல்லுங்க. அவன் நின்னுட்டான்னா பாதி மடத்துக்கு.”

தாயி சுத்தியலை ஓங்கினார். டொக். ஒரு கொட்டை தெறித்தது.

“சரி, முக்கால்.”

டொக்.

“முழுசும் எடுத்துக்கோங்க! சாக்கை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க. அது புதுசு.”

தாயி சிரித்துவிட்டார்.

“இதுக்கு முன்னாடி எங்கெல்லாம் கொண்டு போனீங்க, கண்டக்டரே?”

“கோயில் உண்டியல்ல கை நிறைய அள்ளிப் போட்டேன். பிரகாரத்துலயே செருப்புச் சத்தம். சாமி சன்னிதியில செருப்போட வர்றான் தாயி, எவ்வளவு திமிரு பாருங்க! பேங்குல, எண்ண ஆளில்லன்னுட்டாங்க. பிச்சைக்காரனுக்குப் போட்டா, நாலணாவைப் பொறுக்கி என் மூஞ்சியிலேயே எறியறான். ‘செல்லாக் காசைத் தள்ளிவிட நான்தான் கிடைச்சேனாய்யா’ன்னு கேக்குறான். ஆத்துல கொட்டிடலாம்னு போனேன். தண்ணிக்குள்ளயும் இறங்கி வந்தான். சளக் சளக்குன்னு. போட்டது போட்டபடி ஓடி வந்தேன். காசை மட்டும் விடல.”

“ஒரு கண்டக்டருக்கு இவ்வளவு எப்படி மிஞ்சுச்சு?”

“நான் திருடல!” சாக்கின் வாயை இறுக்கிப் பிடித்தார். “எல்லா வண்டியிலயும் நடக்குறதுதான். சில்லறை இல்லன்னா டிக்கெட்டுக்குப் பின்னாடி மீதியை எழுதிக் குடுப்போம். இறங்கும்போது கேட்டு வாங்கிக்கணும். மறந்துட்டு இறங்கினா அது யார் தப்பு?”

“பையில சில்லறை இருக்கும்போதும் எழுதிக் குடுத்தீங்களோ?”

மாசிலாமணி செருமினார்.

“மறக்குற மூஞ்சியைப் பாத்தாலே எனக்குத் தெரியும்,” என்றார். அதில் கொஞ்சம் தொழில் பெருமையும் இருந்தது.

தாயி சுத்தியலைக் கீழே வைத்தார்.

“மறக்காத மூஞ்சி எதுவும் உண்டா?”

மாசிலாமணி திரும்பி வாசலைப் பார்த்தார். பாதை காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் குரலைத் தாழ்த்தினார்.

“ஒருத்தன். ஆஸ்பத்திரி ஸ்டாப்பிங். கையில தூக்குவாளி. பத்து ரூபாத் தாளை நீட்டினான். எட்டே முக்கால் ரூபா மீதின்னு எழுதிக் குடுத்தேன். என்ன அவசரமோ, அப்படியே இறங்கிட்டான். வண்டி எடுத்ததும் ஞாபகம் வந்துடுச்சு. டிக்கெட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தான். பின்கண்ணாடி வழியாப் பாத்தேன்.”

“பாத்துட்டு?”

“விசிலடிச்சேன்.”

“எத்தனை?”

“ரெண்டு.”

“ரெண்டு அடிச்சா?”

“வண்டி போகும்.”

“ஒண்ணு அடிச்சா?”

“நிக்கும். சின்னப் பிள்ளைக்குத் தெரியும், இதையெல்லாமா கேப்பாங்க!” என்று எரிந்து விழுந்தார். “அவன் தடுக்கி விழுந்தான். தூக்குவாளி ரோட்டுல உருண்டுச்சு. உள்ள கஞ்சியோ என்னவோ. யாருக்குக் கொண்டு போனானோ. நானா இறங்கச் சொன்னேன்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா எண்ணிக் குடுத்திருப்பேன்ல? அன்னைக்குக் கேக்காம விட்டுட்டு இன்னைக்கு ஓடி வந்தா?”

“அந்த விசில் இருக்கா?”

சட்டைக்குள் கறுப்புக் கயிற்றில் தாயத்து மாதிரி தொங்கியது. கழற்றிக் கொடுத்தார்.

“சாக்கைத் தூக்கிட்டுக் கிளம்புங்க.”

“எங்க?”

“வந்த வழியே.”

“அவன் இருப்பான் தாயி.”

“இருப்பான்.”

“அப்போ நீங்க எதுக்கு இருக்கீங்க?”

டொக். அடுத்த கொட்டை தெறித்தது.

மாசிலாமணி வாய்க்குள் திட்டிக்கொண்டே இறங்கினார். சாக்கு தோளை அறுத்தது. வளைவுவரை ஒன்றுமில்லை. அவனை ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்தார்.

டப்பு.

டப்பு டப்பு.

எட்டி நடந்தார். சத்தமும் எட்டி நடந்தது. ஓடினார். முதுகில் சில்லறை குதித்தது. வேட்டி காலில் சிக்கியது. பிடரியில் மூச்சு. கூடவே இதுவரை கேட்காத இன்னொரு சத்தம். தார் ரோட்டில் ஒரு தூக்குவாளி உருண்டு வரும் சத்தம்.

“தாயி!” என்று அலறினார்.

மடத்துப் பக்கமிருந்து விசில் கேட்டது.

ஒரே ஒரு விசில்.

ஓடு என்றது மனசு. கால் நின்றுவிட்டது. காலமெல்லாம் அந்தச் சத்தத்துக்கு நின்று பழகிய கால்.

திரும்பினார்.

வெறும் பாதை. ஆனால் இந்த முறை சத்தம் நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தது.

மாசிலாமணி சாக்கை இறக்கினார். முடிச்சு அவிழ மறுத்தது. பல்லால் கடித்து இழுத்தார். இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு, வெயிலைப் பார்த்துக் கத்தினார்.

“வாய்யா! எத்தனை காலத்துக்குய்யா இப்படி ஓடியே என்னைச் சாகடிப்ப? எட்டே முக்கால் ரூபா! இந்தா, கையை நீட்டு! வாங்கிட்டு, இதை இன்னையோட முடிச்சு விட்டுட்டுப் போ! வண்டி நிக்குதுல்ல... வாய்யா!”