என் வீட்டு ஆள்

நெடுமதில் நகரத்தில் நினைத்தபோது யாரும் குடியேறிவிட முடியாது. உள்ளே சொந்த வீடு இருக்க வேண்டும். இல்லையென்றால் வீடுள்ள ஒருவர் கோட்டை வாசலுக்கு வந்து, "இவங்க என் வீட்டு ஆள்" என்று காவலனிடம் சொல்ல வேண்டும். ஒரு வீட்டார் ஒருமுறைதான் அப்படிச் சொல்லலாம். உள்ளே வந்தவர் திருடினாலும் சரி, நோயைக் கொண்டுவந்தாலும் சரி, பொறுப்பேற்றவரும் வீட்டை விட்டுவிட்டு வெளியேற வேண்டியதுதான். அந்த ஊரில் எல்லோரும் நல்லவர்கள். அப்படிச் சொல்ல மட்டும் யாரும் வாசலுக்கு வரமாட்டார்கள்.

பஞ்சத்தில் ஊரை விட்டுக் கிளம்பிய சேந்தனும் அவன் மனைவி வள்ளாத்தாளும் சின்ன மகளும் வாசலுக்கு வெளியே அகழிக்கரையில் கிடந்தார்கள். மழைக்காலம். உள்ளே போகிறவர்கள் காலிலெல்லாம் சேந்தன் விழுந்து பார்த்தான். மகளுக்குக் காய்ச்சல் கண்டது. அவளை அங்கேயே புதைத்தார்கள். மறுநாள்தான் உமையம்மை வந்து, "என் வீட்டு ஆள்" என்று சொன்னாள். வெளியூர் போயிருந்த அவள் அன்றைக்குத்தான் திரும்பியிருந்தாள்.

உமையம்மை துறவி. வாசலையொட்டிய குடிசையில் நூல் நூற்றுப் பிழைத்தாள். சேந்தனைவிட வயதில் மிகவும் இளையவள். அவன் அவளையே குருவாகக் கொண்டான். தலை நரைத்தவன் ஒரு பெண்ணின் காலடியில் போய் உட்கார்ந்திருக்கிறானே என்று ஊர் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று அவன் விட்டுவிட்டான்.

சுண்ணாம்பு வேலை தெரிந்தவன். எந்த மதில் அவனை வெளியே நிறுத்தியதோ அதே மதிலுக்குப் பூச்சு வேலை பார்த்தான். வருஷங்கள் போயின. ஓட்டு வீடு கட்டினான். கொல்லையில் முருங்கை வைத்தான். கடைத்தெருவில் மட்டும் அவனுக்குப் பெயர் 'அகழிக்கரையான்' என்பதுதான்.

ஒருநாள் மனம் பொறுக்காமல் குருவிடம் கேட்டான்.

"அம்மா, இது எப்பத்தான் எனக்குச் சொந்த ஊராகும்?"

உமையம்மை நூற்றுக்கொண்டே இருந்தாள். கேட்ட கேள்வியை மறக்கிறவள் இல்லை என்று சேந்தனுக்குத் தெரியும். அவனும் காத்திருந்தான்.

அந்த வருஷம் திருவிழாவில் சாமி சப்பரத்துக்குத் தோள் கொடுக்க வரும்படி ஊர்ப் பெரியவர்கள் அவனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். வந்தேறி எவனுக்கும் கிடைக்காத மரியாதை அது. வள்ளாத்தாள் அழுதேவிட்டாள். சேந்தன் புது வேட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு குருவிடம் காட்ட ஓடினான்.

உமையம்மை வேட்டியைத் தொட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு, வாசலுக்கு வெளியே ஒரு குடும்பம் வந்து கிடப்பதாகச் சொன்னாள். புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை. குழந்தை விடாமல் இருமுகிறது.

"என் முறை உங்களோட தீர்ந்து போச்சு. உங்க முறை அப்படியே இருக்கு, சேந்தரே."

சேந்தன் வேட்டியை மடித்தான். மடித்ததையே மறுபடி மடித்தான். அவர்கள் யாரோ எவரோ என்றான். அது என்ன இருமலோ, ஊருக்குள் பரவினால் யார் பதில் சொல்வது என்றான். வீடு போய்விட்டால் இந்த வயதில் வள்ளாத்தாளை எங்கே கூட்டிக்கொண்டு அலைவேன் என்றான். அவன் கெட்டவன் இல்லை. பயம் உண்மையான பயம்தான்.

"திருவிழா முடியட்டும்மா. அப்புறம் பார்க்கலாம்."

"சரி," என்றாள் உமையம்மை.

திருவிழா அமர்க்களமாக நடந்தது. சேந்தன் தோள் கொடுத்தான். கூட்டத்தில் ஒருவர்கூட அவனை அகழிக்கரையான் என்று கூப்பிடவில்லை. 'சேந்தண்ணே, இந்தப் பக்கம் பிடிங்க' என்றார்கள். அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சப்பரம் வாசல் தெருவில் திரும்பியபோது குருவின் குடிசையைப் பார்த்தான். முன்பின் தெரியாத ஒருத்தி அங்கே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சாமியைக் கும்பிட்டபடி நின்றாள்.

சப்பரத்தை இறக்கியதும் ஓடிவந்து அவளிடம் விசாரித்தான். அந்த அம்மா குடிசையைத் தங்களுக்கே கொடுத்துவிட்டதாகவும், வீடு இருப்பதால் காவலன் தங்களை உள்ளே விட்டுவிட்டதாகவும் அவள் சொன்னாள்.

"அவங்க எங்க?"

அவள் வாசலுக்கு வெளியே கை காட்டினாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கதவை மூடக் காவலன் எழுந்துவிட்டான். மழை தூறத் தொடங்கியிருந்தது. உமையம்மை அகழிக்கரையில் உட்கார்ந்திருந்தாள். அவளை அங்கே பார்த்ததும் சேந்தனுக்கு அழுகை வந்துவிட்டது. காவலனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இவங்க என் வீட்டு ஆள். நான் சொல்றேன். என் முறையை எடுத்துக்க."

காவலன் ஒத்துக்கொண்டு, சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்றான்.

உமையம்மை எழுந்திருக்கவில்லை. சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒருவன் படுத்திருந்தான். அவன் மனைவி அவனுடைய பாதங்களைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். அன்று மதியம் வந்தவர்கள்.

"அம்மா, கதவை மூடப் போறாங்க. எந்திரிச்சு வாங்க."

"ஒரு வீட்டுக்கு ஒருமுறைதானே, சேந்தரே?"

"ஆமா. அதைத்தான் உங்களுக்குக் கொடுத்துட்டேனே."

உமையம்மை குனிந்து, படுத்திருந்தவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு," என்றாள். "இவர் பேரு எனக்கும் தெரியாது. கேட்டுச் சொல்லட்டுமா?"

காவலன் கதவில் கை வைத்தபடி சேந்தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.