நார்வேக்கு நல்ல மாசம்

மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற சிதம்பரநாதனுக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. மனைவி திலகவதியை நார்வேக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். மலை இடுக்குக்குள் கடல் புகுந்து நிற்கும் அந்தத் தேசத்தைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறார். நேரில் பார்த்ததில்லை.

போகலாம் என்று முடிவு செய்து ஏழு வருஷமாயிற்று. எந்த மாசம் போவது என்பதில்தான் மனுஷர் மாட்டிக்கொண்டார். அதற்குள் திலகவதியின் முழங்கால் தேய்ந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் நடப்பார், அதற்கு மேல் என் கையில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சரி, குருவிடமே கேட்டுவிடுவோம் என்று மடத்துக்குப் போனார். சாமி இவரைவிடப் பதினெட்டு வயசு சின்னவர். திலகவதியிடம் ஆறாம் வகுப்பு படித்தவர் வேறு. சிதம்பரநாதன் அதையெல்லாம் பார்ப்பதில்லை. பத்து வருஷமாக அவர் சொன்னால் சொன்னதுதான்.

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“நார்வேக்கு எந்த மாசம் போனா நல்லது சாமி?”

“நீங்க பார்த்து வெச்சிருப்பீங்களே ஐயா.”

“பார்த்தேன். ஜூன்ல ராத்திரியே வராதாம். வெளிச்சம் இருந்தா அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. செப்டம்பர்ல மழை. டிசம்பர்ல பகலே கிடையாது, ரோடெல்லாம் பனி, வழுக்கி விழுந்து வைப்பா.”

“ஏப்ரல்?”

“ஏப்ரல்ல எதுவும் சரியாப் பூத்திருக்காது.”

சாமி ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டார்.

“டீச்சர் என்ன சொல்றாங்க? இந்தப் பருவமெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவங்கதானே.”

“முன்னாடி அவளே கேட்டுக்கிட்டிருந்தா, எப்பப் போறோம்னு. இப்பக் கேக்கறதில்லை.”

சொல்லும்போதே சிதம்பரநாதனுக்குக் குரல் இறங்கிவிட்டது.

சாமி கீரையைத் தள்ளி வைத்தார்.

“நார்வேல இருக்கிற நம்ம சனங்க ரெண்டு வருஷமா என்னைக் கூப்பிடறாங்க. துணைக்கு ஒரு ஆள் வரலாமாம். டீச்சரை நான் கூட்டிட்டுப் போறேன். உங்களுக்கு அலைச்சல் மிச்சம்.”

“நீங்களா? எந்த மாசம்?”

“விசா கிடைக்கிற மாசம்.”

சிதம்பரநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குருவை மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் வாய் சும்மா இருந்தால்தானே.

“படி ஏறும்போது இடது கையைப் பிடிச்சுக்கணும் சாமி.”

“பிடிச்சுக்கறேன்.”

“காபி கொஞ்சம் ஆறினாலும் குடிக்க மாட்டா.”

“சூடு பண்ணிக் கொடுக்கச் சொல்றேன்.”

“அழகா எதையாவது பார்த்தா அங்கேயே நின்னுடுவா. கூப்பிட்டா வர மாட்டா. நாமளும் கூடவே நிக்கணும்.”

“நிக்கறேன்.”

“அப்புறம் இந்தப் பக்கம் திரும்பி, பார்த்தீங்களான்னு என்னைக் கேப்பா...”

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

“நீங்க கோபிச்சுக்கக் கூடாது சாமி. அவளை நான்தான் கூட்டிட்டுப் போவேன்.”

“எப்ப?”

“விசா வந்த உடனே.”

“மழைக் காலமா இருந்தா?”

சிதம்பரநாதன் அதற்குள் எழுந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“இருக்கட்டுமே. ஆளுக்கொரு குடை எடுத்துக்கிட்டாப் போச்சு.”

“ரெண்டு எதுக்கு ஐயா?” என்றார் சாமி. “ஒண்ணு போதும்.”