இடி முழங்கியபோது அண்ணாந்து பாராத பிள்ளைகள்

பெரியோரே, பிள்ளைகளே, செவி கொடுங்கள். இன்றைய ஊர்களில் பாதி காடாயிருந்த காலத்தில் மாறவேள் என்றோர் அரசன் இருந்தான்.

அவன் தந்தை நாடெங்கும் பள்ளிக்கூடங்கள் கட்டியவர். கட்டியதோடு நில்லாமல், ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு வயலை எழுதிவைத்தார். அதற்குக் கூரைக்காணி என்று பெயர். மழைக்காலத்துக்கு முன்பே உடைந்த ஓட்டை மாற்ற, உளுத்த மரத்தை எடுக்க, சுவரில் வேர்விட்ட செடியைப் பிடுங்க, இவற்றுக்கு மட்டுமே அதன் நெல்.

காலம் சென்றது. ஊர்கள் பல அந்த நெல்லைத் திருவிழாவுக்குச் செலவிட்டன. பள்ளி விழுந்தால் அரசனே புதிதாகக் கட்டிக் கொடுப்பான். வாசலில் ஊர்ப்பெயரையும் பொறிப்பான். பிறகு அவர்களுக்கு என்ன கவலை? பூவனேரி என்னும் ஊர் மட்டும் கூரையின் நெல்லைக் கூரைக்கே செலவிட்டது. ஆதலால் அந்த ஊரின் பெயரை அரண்மனையில் ஒருவரும் அறியார்.

ஓராண்டு கருவூலம் வற்றியது. "பூவனேரியிலிருந்து ஒரு விண்ணப்பமும் வந்ததில்லை. ஒழுகாத கூரைக்குக் காணி எதற்கு?" என்றார் கணக்கேட்டைப் புரட்டிய வரியமைச்சர் மழவராயர். காணியைப் பறிக்க ஓலை எழுதப்பட்டது.

அதைக் கேட்டு, பூவனேரியிலிருந்து ஒருத்தி அரசவைக்கு வந்தாள். அவளை ஊர்த்தலைவி என்பாரும் உண்டு, எண்ணெய் வணிகனின் மனைவி என்பாரும் உண்டு. பெயர் கொற்றி என்பதில் மட்டும் எவரும் மாறுபடுவதில்லை.

"அம்மா, உங்கள் பள்ளியில் எங்கே ஒழுகுகிறது?" என்றார் மழவராயர்.

"எங்கும் ஒழுகவில்லை, ஐயா."

"எந்தச் சுவர் வெடித்திருக்கிறது?"

"ஒன்றும் வெடிக்கவில்லை."

"எந்தப் பிள்ளைக்கு அடிபட்டது?"

"தெய்வம் காக்கட்டும், ஒருவருக்கும் இல்லை."

"கேட்டீர்களா! உடம்புக்கு ஒன்றும் இல்லை, மருந்து மட்டும் கொடு என்கிறாள்!" என்றார் அமைச்சர். அவை சிரித்தது.

கொற்றி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். "ஐயா இன்று வயிறாரச் சாப்பிட்டிருப்பீர்கள். பசிக்காதவருக்குச் சோற்றுப்பானை எதற்கு என்று நான் அதைத் தூக்கிக்கொண்டு போகலாமா?"

இப்போது அரசன் சிரித்தான். ஆயினும் கேட்டான்: "உங்கள் நெல் என்ன செய்தது என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் சான்று வேண்டுமே, தாயே?"

"அடைமழையில் மூன்று பள்ளிகளுக்கு வாருங்கள், அரசே. எங்கள் பள்ளி கடைசியாக இருக்கட்டும். இடி முழங்கும்போது பிள்ளைகள் எங்கே பார்க்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்."

ஐப்பசி பிறந்தது. அரசனும் அமைச்சரும் வழிப்போக்கரைப் போல் உடுத்திப் புறப்பட்டார்கள்.

முதற் பள்ளி, விழுந்தபின் புதிதாய் எழுந்தது; வாசலில் கோபுரம் இருந்தது. இடி முழங்கியது. பாடம் நின்றது. பிள்ளைகள் அத்தனை பேரும் அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்தார்கள். முன்பு விழுந்ததைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள்.

இரண்டாம் பள்ளியில் இடி முழங்கியதும் பிள்ளைகள் சுவடிகளை மார்போடு அணைத்துக்கொண்டு மூலைக்கு மூலை ஓடினார்கள். ஒரு சிறுமி அரசனின் கையைப் பிடித்து இழுத்தாள். "இங்கே வாங்க மாமா, இந்த இடத்தில் ஒழுகாது. அந்தத் தாத்தா நிற்கிற இடம் ஒழுகும்." அவள் சொல்லி முடிப்பதற்குள் மழவராயரின் தலைப்பாகையில் நீர் சொட்டியது.

மூன்றாம் பள்ளி பூவனேரி. அரசன் வாசலில் நின்றான். இடி முழங்கியது, ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. மழை இரைந்தது, பிள்ளைகள் அதைவிட உரக்கப் படித்தார்கள். மின்னல் வெட்டியது, ஒரு பையன் முகம் சுளித்துத் திரும்பினான். "வாசலை மறைக்காதீர்கள் ஐயா, எழுத்துத் தெரியவில்லை!"

அரசன் விலகி நின்றான். பின்பு மழையிலேயே கைகூப்பினான்.

"யாரைக் கும்பிடுகிறீர்கள், அரசே?" என்றார் அமைச்சர்.

"காணியை விட்டுச்சென்ற என் தந்தையை. அதில் உழுதவரை, ஓடு மாற்றியவரை, செடி பிடுங்கியவரை. இந்தப் பிள்ளைகளுக்குத் தீங்கு ஒன்றும் நேரவில்லை. ஆகவே எவருக்கு நன்றி சொல்வது என்று அவர்களுக்குத் தெரியாது. அது தெரியாமலேயே அவர்கள் படிக்கட்டும். அவர்களுக்காக நான் சொல்கிறேன்."

மழவராயர் ஈரத் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். காணியைப் பறிக்கும் ஓலையை அவரே கிழித்தார். அடுத்த மழைக்கு முன் எல்லாப் பள்ளிகளின் காணிகளும் அந்தந்தக் கூரைக்கே திரும்பின. கொற்றியை அரசன் அவைக்கு அழைத்துச் சிறப்புச் செய்ய விரும்பினான். "அறுவடை முடியட்டும், அரசே, வருகிறேன்" என்று சொல்லியனுப்பினாள்.

கேட்டவர்களே, விழுந்ததை எடுத்துக் கட்டுபவரை வாழ்த்துவதற்கு முன்னால், விழாமல் காப்பவருக்கு ஆண்டுதோறும் வேண்டிய பொருளைத் தவறாமல் கொடுப்பதே உண்மையான நன்றி.