தவக்கால வெள்ளியில் கோழி பிரியாணி

அனல் மின் நிலையம் விட்ட வெந்நீரில் முகத்துவாரத்து மீனெல்லாம் ஏற்கெனவே ஓடிப்போச்சு. இப்போ நிலையத்தை இன்னும் பெருசாக்கணுமாம். அதுக்குத்தான் கடற்கரையில் கலெக்டரம்மா தலைமையில் கருத்துக் கேட்புக் கூட்டம்.

பந்தல் வாசலில் நிலைய மேனேஜர் சபாபதி பிரியாணிப் பொட்டலங்களோடு நின்றார். "கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிக்குங்க!"

நண்டு விற்கும் ஜெசிந்தா தாளைப் பார்த்தாள். தலைப்பு எழுதும் இடம் காலி. பிறகு அதில் என்ன ஏறும் என்று அவளுக்குத் தெரியாதா?

"சார், இது தவக்கால வெள்ளி. ஊரே கறி தொடாது."

"தொடாட்டிப் போங்க. கையெழுத்தைப் போடும்மா!"

"அப்போ பக்கத்துல 'வேண்டாம்'னு எழுதிப் போடுறோம்."

"எதையாவது எழுதித் தொலைங்க!"

ஊரே எழுதியது. சபாபதி சொல்லிவைத்தபடி நிலைய குமாஸ்தா தலைப்பை நிரப்பினார். சபாபதி திருப்பிக்கூடப் பார்க்காமல் மேடையில் நீட்டினார்.

கலெக்டரம்மா சத்தமாக வாசித்தார். "நிலைய விரிவாக்கத்துக்கு ஊரார் சம்மதம். வேண்டாம். வேண்டாம். வேண்டாம்..."

"மேடம், அது பிரியாணிக்கு எழுதினது!" என்று கத்தினார் சபாபதி.

"ஓஹோ, பிரியாணிக்கு வாங்கின கையெழுத்தா இது?"

ஜெசிந்தா எழுந்தாள்.

"ரெண்டுக்கும் சேர்த்தே எழுதிக்குங்கம்மா."