ஆடி மாசத்துல ஐஸ் பெட்டி

சிங்காரவேலு இருக்காரே, இருபது வருஷம் கல்யாண மண்டபத்து ஆபீஸ்ல இருந்த மனுஷன். அம்பது வயசுக்கு மேல கம்ப்யூட்டர் கத்துக்கிட்டு, மதுரையில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில சேர்ந்தார். அங்க அவருக்குக் குரு மெர்சி. முப்பது வயசுகூட ஆகல அவளுக்கு. இவர் மேடம்னுவார், அவ அண்ணேம்பா.

மண்டபம் புக் பண்றதுல எதுக்கப்புறம் எதுன்னு இருபது படியா கம்ப்யூட்டர்ல எழுதி வச்சிருந்தார். ஒர்க்ஃப்ளோன்னு அதுக்குப் பேரு. அப்ப ஐஸ் பெட்டிக்காரர் ஒருத்தர், செத்தவங்களைக் கிடத்தற பெட்டியை வாடகைக்கு விடறவர், தனக்கும் அப்படி ஒண்ணு வேணும்னார். சிங்காரவேலு பழசையே எடுத்து, ரெண்டு படிய மட்டும் மாத்திட்டார். இன்னைக்கு நாலு மணிக்குப் பெட்டிக்காரர் வந்து பாத்துச் சரின்னாத்தான் இவருக்கு வேலை நிரந்தரம்.

ஒண்ணையே திரும்பத் திரும்ப உபயோகிக்கறது இவருக்கு ரத்தத்துலயே உண்டு. இவர் கல்யாணக் கோட்டைத்தான் மச்சினங்க மூணு பேரும் போட்டாங்க. மூணாமவன் கொஞ்சம் தடிமன், ரிசப்ஷன்ல பொத்தான் தெறிச்சு போட்டோக்காரர் நெத்தியில... சரி, அது கெடக்கட்டும்.

"மேடம், இருபதுல பதினெட்டு படி அப்படியே இருக்கு. தொண்ணூறு பர்சன்ட் மறுபடி உபயோகமாகுதுன்னு ரிப்போர்ட்ல போட்டுட்டேன். அளவு சரிதானே?"

"செல்லை எடுத்து, நீங்க செஞ்சதைத் திறங்கண்ணே. உங்க வீட்டுல யாரோ தவறிட்டாங்க. பெட்டி கேளுங்க."

"ஐயோ, வாயக் கழுவுங்க மேடம்!"

"கேளுங்க."

பேரு, தெரு, போன் நம்பர் எல்லாம் தட்டினார். பதினோரு படி வழுக்கிட்டுப் போச்சு. பன்னெண்டாவதுல நின்னுபோச்சு.

"என்ன வந்திருக்கு? சத்தமாப் படிங்க."

கண்ணாடியக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டார்.

"இது ஆடி மாசம். முகூர்த்தம் கிடையாது. ஆவணி நாலாம் தேதி எடுத்துக்கறீங்களா?"

சிங்காரவேலு நாக்கைக் கடிச்சுக்கிட்டார்.

"மண்டபத்துல ஆடியில புக்கிங் எடுக்க மாட்டோம் மேடம். அந்தப் படி மறந்தே போச்சு."

"ம்."

"ஒரு படிதானே மேடம்? எம்பத்தஞ்சு போட்டுக்கலாமா?"

"வீட்டுல உடம்பை வச்சுக்கிட்டு நிக்கறவங்க கையில இந்த செல்லைக் குடுங்கண்ணே. அவங்க எவ்வளவு போடச் சொல்றாங்களோ, அதைப் போடுங்க."

சிங்காரவேலு தொண்ணூறை அழிச்சார். எம்பத்தஞ்சையும் எழுதல.