சுவருக்குத் திரும்பி வந்த மூச்சு

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் செல்லக்கிளி. கடற்கரைப் பக்கமிருந்து கூடையில் கிளிஞ்சல் சுண்ணாம்பு சுமந்து வந்து தெருவில் விற்பாள். என் வயதுதான் அவளுக்கும் இருக்கும். அப்போது மூத்தவன் என் வயிற்றில் ஏழு மாதம். மார்கழி முடியப் போகிறது, பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும். சுட்ட கிளிஞ்சலைப் பானையில் போட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டு, உள்ளே என்னதான் நடக்கிறது என்று நான் குனிந்து பார்க்கப் போனேன். செல்லக்கிளி என் முந்தானையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

“அது அழுவுதுக்கா, அழ விடுங்க. அழுவுறவ மூஞ்சிக்கிட்ட போயி யாராவது மூஞ்சிய வப்பாங்களா?”

பானை கொதித்து அடங்குகிற வரைக்கும் கொல்லைப் படியில் உட்கார்ந்து இதைச் சொன்னாள். எனக்கு எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. அவள் சொன்ன மாதிரியே எழுதப் பார்க்கிறேன்.

அந்தக் காலத்தில் கல்லுக்கும் வாய் இருந்தது, மழைக்கும் நெருப்புக்கும் வாய் இருந்தது. மனிதர்கள் அவற்றோடு பேசுவார்கள், சண்டையும் போடுவார்கள். மேற்கே ஒரு பெரிய மலை. அந்த மலையின் கருங்கல்லுக்குள்ளே சுண்ணம் என்று ஒருத்தி அடைந்து கிடந்தாள். எத்தனை காலமாக என்று அவளுக்கே தெரியாது.

மழை வானத்திலிருந்து இறங்கும்போது காற்றில் இருக்கிற மூச்சைக் கொஞ்சம் தன்னோடு கூட்டிக்கொண்டு வரும். அந்த மூச்சு துறுதுறுவென்று இருப்பான். ஒருநாள் கல் இடுக்கில் இறங்கியவன் சுண்ணத்தைப் பார்த்துவிட்டான்.

“அக்கா, இங்க என்ன பண்ற?”

“இருக்கேன்.”

“இதெல்லாம் ஒரு வேலையா? வா, கடலைப் பாத்துட்டு வரலாம்.”

“எனக்கு நடக்கத் தெரியாதே தம்பி.”

“என் கையைப் பிடிச்சுக்க. நீ நடக்கவே வேணாம், கரைஞ்சு வந்தா போதும்.”

அக்காவும் தம்பியும் கை கோத்துக்கொண்டு ஓடையில் இறங்கி, ஓடையிலிருந்து ஆற்றுக்கு வந்தார்கள். ஒருத்தர் கண்ணுக்கும் அவர்கள் தெரியவில்லை. கரையில் தண்ணீர் அள்ளிக் குடித்தவர்கள், “இன்னிக்கித் தண்ணி ருசியா இருக்கே” என்று சொன்னதோடு சரி.

கடலுக்கு வந்து சேர்ந்தபோது அங்கே ஒரு சின்னப் பூச்சி அழுதுகொண்டிருந்தது. எலும்பும் கிடையாது, ஓடும் கிடையாது.

“போறவன் வர்றவன் எல்லாம் என்னைக் கடிச்சுட்டுப் போறான். எனக்கு ஒரு வீடு இருந்தா உள்ள பூந்துக்குவேன்” என்றது.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. தம்பியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றி நின்றாள். நின்ற இடத்தில் இருவரும் ஓடாக இறுகிப் போனார்கள். அதுதான் முதல் கிளிஞ்சல். அன்றைக்கே சுண்ணம் தம்பியிடம், “இனிமே இந்தக் கையை விட மாட்டேன்னு சொல்லு” என்று வாக்குக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவனும் சொன்னான்.

பூச்சி வாழ்ந்து முடித்தது. அதன் பிள்ளைகளும் அப்படியே வாழ்ந்து முடித்தன. அலை ஓடுகளைக் கரையில் கொண்டுவந்து குவித்தது. வெயிலில் கிடந்தபடி அக்காவும் தம்பியும் மலையைப் பற்றியும் ஆற்றைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நிம்மதியான காலம் அவர்களுக்கு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் வரவில்லை.

அந்தக் கரையில் காத்தாயி என்று ஒருத்தி குடியிருந்தாள். அவள் புருஷன் தோணியில் உப்பேற்றிக்கொண்டு போனால் தை மாதம்தான் திரும்புவான். ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் பூமி அது. மண்வெட்டி எவ்வளவு ஆழம் போனாலும் ஒரு கல் தட்டுப்படாது. அதனால் எல்லோர் வீடும் மண்சுவர்தான். ஐப்பசி மழை பிடித்தால் சுவர் கரையும். போன ஐப்பசியில் காத்தாயி வீட்டுச் சுவர் தூங்கிக்கொண்டிருந்த மகள் மேல் விழுந்துவிட்டது. பிள்ளை பிழைத்தாள், ஆனால் ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். இந்த வருஷம் காத்தாயி கையில் இன்னொரு பிள்ளையும் இருந்தது. புரட்டாசி பாதி போய்விட்டது.

அவள் மாரியம்மனுக்கு ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, கிளிஞ்சல் குவியலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“ஒரு பூச்சிக்கு நீங்க சுவரா நின்னீங்களாமே. எம் பிள்ளைங்களுக்கும் நில்லுங்க.”

“அது உள்ளங்கை அளவு வீடு, தாயி. உன் வீட்டுக்கு நாங்க எப்படி ஒட்டி நிக்கிறது?” என்றாள் சுண்ணம்.

காத்தாயி கிளிஞ்சலை அள்ளி உரலில் போட்டு இடித்துப் பார்த்தாள். தூளைக் குழைத்து அப்பினாள். காய்ந்ததும் அது பொலபொலவென்று உதிர்ந்தது. அடுப்பில் இருந்த நெருப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இடிச்சா தூள்தான் கிடைக்கும். எங்கிட்டக் குடு, நான் பக்குவம் பண்ணித் தரேன். ஆனா ஒண்ணு, அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் கிளம்பிடணும். என் சூட்டுல கை கோத்துக்கிட்டு இருக்க முடியாது.”

“அப்படின்னா வேணாம்” என்றாள் சுண்ணம் உடனே.

ஒரு தாயால் அதற்கு மேல் எப்படிக் கேட்க முடியும்? காத்தாயி எழுந்து போனாள். பின்னாலேயே அந்தப் பெண்பிள்ளை காலை இழுத்துக்கொண்டு போனாள். மணலில் ஒரு பாதமும் ஒரு கோடுமாக விழுந்துகொண்டே போனது. மூச்சு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, நான் காத்துப் பய. எங்க போனாலும் பிழைச்சுக்குவேன். ஒரே இடத்துல நிக்கத் தெரிஞ்சவ நீதான்.”

“கையை விட மாட்டேன்னு சொன்னியேடா.”

“சொன்னேன். திரும்பி வந்து பிடிச்சுக்கிறேன்னு இப்பச் சொல்றேன். நீ எந்தச் சுவத்துல இருந்தாலும் தேடி வருவேன். வாசலை மட்டும் சாத்திடாதே.”

சுண்ணமே காத்தாயியைத் திரும்பக் கூப்பிட்டாள். காத்தாயி சூளை வைத்தாள். நெருப்பு நன்றாகப் பிடித்ததும் மூச்சு கையை விட்டான். ஒரு நொடிதான். புகையோடு புகையாக எழும்பி, கடற்காற்றில் கலந்து, இன்ன இடம் என்று சொல்ல முடியாதபடி கலைந்து போய்விட்டான்.

சூளை ஆறியபோது கிளிஞ்சல் அதே வடிவத்தில்தான் இருந்தது. ஆனால் எடுத்துப் பார்த்தால் பாதிக் கனம் இல்லை. சுண்ணம் பேசவும் இல்லை. காத்தாயி பயந்துபோய் அவளைப் பானையில் போட்டு ஆற்றுத் தண்ணீரை ஊற்றினாள். மலையிலிருந்து அவளைச் சுமந்து வந்த அதே ஆறு. தெரிந்த முகத்தைப் பார்த்ததும் சுண்ணத்துக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. நெருப்பே இல்லாமல் பானை கொதித்தது. என்ன ஆச்சோ என்று எட்டிப் பார்த்த காத்தாயியின் கன்னத்தில் சூடு தெறித்தது. அந்தத் தழும்பு சாகிற வரைக்கும் அவளுக்குப் போகவில்லை.

அழுது முடித்ததும் சுண்ணம் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டாள். காத்தாயி அதில் மணலைச் சேர்த்துக் குழைத்துச் சுவர் முழுக்கப் பூசினாள். பூசின கையோடு பயமும் வந்தது. தூறல் பட்டால் எல்லாம் வீணாய்ப் போய்விடுமே. கோரைப்பாயையும் கீற்றையும் கொண்டுவந்து சுவரை உள்ளும் புறமும் இறுக்கி மூடினாள். கதவையும் சாத்தி வைத்தாள்.

ஒருநாள், இரண்டுநாள், மூன்றுநாள் ஆயிற்று. பாயை விலக்கி விரலை வைத்தால் விரல் உள்ளே போனது. கிழக்கே கடல்மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

பக்கத்து வீட்டு மாரிக்கண்ணு எட்டிப் பார்த்தாள். “என்னடி, கல்யாணப் பொண்ணாட்டம் சுவத்தைச் சுத்தி வச்சிருக்க? தாலி எப்ப கட்டப் போற?”

“நீ வேற சும்மா இரு. இது இறுக மாட்டேங்குது.”

அப்போதுதான் சுண்ணம் வாய் திறந்தாள். குரல் ரொம்பச் சன்னமாக வந்தது. “பாயை எடு தாயி. அவன் வெளியில நிக்கிறான்.”

“எடுத்த பிறகு மழை வந்துட்டா?”

“எடுக்கலேன்னா நான் இப்படியேதான் இருப்பேன். மழை எப்படியும் வரும்.”

காத்தாயி அம்மனை நினைத்துக்கொண்டாள். மகளின் காலை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒவ்வொரு பாயாக உருவி எறிந்தாள். கதவை அகலத் திறந்துவிட்டாள்.

மூச்சு வந்தான். ஆனால் போனபோது போன மாதிரி ஒரே ஆளாக வரவில்லை. எங்கெங்கோ கலைந்து போனவன் ஆயிற்றே. கொஞ்சம் அடுப்புப் புகையில் வந்தான், கொஞ்சம் கடற்காற்றில் வந்தான். கையில் இருந்த பிள்ளை கொட்டாவி விட்டபோது அதிலும் வந்தான். சுண்ணம் சட்டென்று சொன்னாள், “தாயி, உங்க வாயிலேருந்துதான் நிறைய வர்றான். ஆளுங்களைக் கூப்பிடு.”

“கேட்டியா மாரிக்கண்ணு? உன் வாய்க்கு ஒரு வேலை வந்திருக்கு.”

மாரிக்கண்ணு போய்த் தெருப்பெண்களை எல்லாம் கூட்டிவந்தாள். வெற்றிலைத் தட்டோடு எல்லோரும் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து பேசினார்கள். யார் வீட்டு மாடு கன்று போட்டது, யார் பெண்ணை எங்கே கேட்டு வந்தார்கள் என்று பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. செல்லக்கிளி கணக்குப்படி பாதிச் சுவர் மாமியார் கதையிலேயே இறுகிவிட்டதாம். அவர்கள் விட்ட ஒவ்வொரு மூச்சும் சுவரைத் தொட்டது. தொட்ட இடத்திலெல்லாம் அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டாம் நாள் காத்தாயி விரலை வைத்தாள். விரல் உள்ளே போகவில்லை. தட்டிப் பார்த்தாள். ஓட்டைத் தட்டின மாதிரி டக்கென்று கேட்டது. கல்லே இல்லாத பூமியில் அவள் வீட்டுக்குக் கல் வந்துவிட்டது.

அன்று மத்தியானமே மழை பிடித்தது. பத்துநாள் விடவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் சுவரோரம் படுத்துத் தூங்கினார்கள். காத்தாயி முதல் இரண்டு நாள் விழித்துக் கிடந்தாள். மூன்றாம் நாள் அவளும் தூங்கிவிட்டாள்.

அன்று முதல்தான் சுட்ட சுண்ணாம்பு தண்ணீரைக் கண்டால் பொங்கி அழுகிறது, பூசின சுவர் உடனே இறுகாமல் நாள் எடுத்துக்கொள்கிறது, வெள்ளையடித்த வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார்கள்.

செல்லக்கிளி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, என் வயிற்றைப் பார்த்துச் சொன்னாள்: “அடுத்த பொங்கலுக்கு இந்த வீட்டுச் சுவத்தைப் பிடிச்சு நிறுத்த இன்னொரு மூச்சும் இருக்கும்க்கா.” இருந்தது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு மூச்சும் வந்தது. பின்கட்டு அறையில் வருஷத்துக்கு ஒரு பூச்சு. மூன்று பேரும் அங்கேதான் படித்தார்கள், சண்டை போட்டார்கள், அம்மை போட்டுக் கிடந்தார்கள். இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள், சாமி புண்ணியத்தில் நன்றாகவே இருக்கிறார்கள். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். ஜில்லென்று இருக்கும்.

இந்தப் பொங்கலுக்கும் பின்கட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறேன். இந்தப் பக்கம் வந்தால் உள்ளே வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஏதாவது பேசிவிட்டுப் போங்கள். ஒரு வாரத்துக்குச் சுவரில் மட்டும் சாய வேண்டாம்.