முதுகில் எழுதிய சுவர்

முன்னொரு காலத்தில், மழை எப்போதாவது விருந்தாளி போல வந்துபோகும் செம்புழுதி நாட்டை ஒரு ராசா ஆண்டு வந்தார். பேர் மேகவர்மர். மேகம் பேரில் மட்டும்தான் இருந்தது, வானத்தில் இல்லை. மனிதர் நல்லவர்தான். ஆனால் கனவு ஒன்று கண்டுவிட்டால் போச்சு, எழுந்ததும் அதைச் சட்டமாக்கிவிடுவார்.

ஒருநாள் மதியத் தூக்கத்தில் முழுநிலா அவர் கனவில் வந்தது. மெதுவாக இறங்கி வீடு வீடாக எட்டிப் பார்த்து அவரைத் தேடியது. அரண்மனை வாசலுக்கும் வந்தது. சுவரெல்லாம் சிவப்புப் புழுதி. 'இது நம்ம ஆள் வீடு இல்லை போலிருக்கு' என்று திரும்பிப் போய்விட்டது. ராசா விழித்தபோது தலையணை நனைந்திருந்தது.

கனவைச் சபையில் சொன்னார். அரண்மனை மேற்பார்வையாளர் ஆபத்சகாயர் துள்ளி எழுந்தார். ராசா எப்போதோ போர்த்திவிட்ட கறுப்புப் பட்டுச் சால்வையைத் தூங்கும்போதுகூடக் கழற்றாத ஆள் அவர்.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி நாடே வெள்ளையடிக்கட்டும், பிரபு! அரண்மனையை நானே பார்த்துக்கொள்கிறேன். அந்த மாடத்தியைக் கூப்பிடவே வேண்டாம்."

ஐந்து வருஷம் முன்னால் அரண்மனைக்கு வெள்ளையடித்தவள் மாடத்தி. அப்போது ராசா சுவரைத் தடவி, "பால் மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டார். அன்று ஆபத்சகாயருக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

சட்டம் வந்து மூன்று பௌர்ணமி போயிற்று. சுண்ணாம்பு நீற்றத் தண்ணீர் வேண்டாமா? ஊருக்கென்று இருந்தது ஒரே ஊருணி. அதில் தண்ணீர் கடைசிப் படிக்கு இறங்கிவிட்டது. இன்னொரு பௌர்ணமிக்கு வெள்ளையடித்தால் குடிக்கச் சொட்டு மிஞ்சாது. அதற்குமேல் பொறுக்க முடியாமல் மாடத்தி சபைக்கே வந்துவிட்டாள்.

"ராசா, சுவத்துக்கு எப்போ சுண்ணாம்பு வேணும்னு நிலாவுக்கு எப்படித் தெரியும்? சுவத்தையில்ல கேக்கணும்!"

"சுவர் பேசுமோ?" என்று சிரித்தார் ஆபத்சகாயர்.

"எழுதும், ஐயா."

ராசாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "எழுதவை, பார்க்கலாம். எழுதாவிட்டால் நீ நாட்டை விட்டே போக வேண்டும்."

"சரி ராசா. எழுதிட்டா ஊருணியை விட்டுரணும்."

எல்லோரும் மேற்குச் சுவருக்குப் போனார்கள். ஆபத்சகாயர் மூன்று பௌர்ணமியும் பூசிய சுவர் அது.

"ஐயா கொஞ்சம் சாஞ்சு உக்காரட்டும்."

"என் சுவர், என் முதுகு. எனக்கென்ன பயம்?" என்று அவர் நன்றாக அழுத்திச் சாய்ந்தார். எழுந்ததும் சபையே வாயைப் பொத்திக்கொண்டது. கறுப்புச் சால்வை முழுக்க வெள்ளைப் பொருக்கு. அதில் ஒன்றை எடுத்து மாடத்தி ராசாவிடம் நீட்டினாள்.

"ஓரத்தைப் பாருங்க. வெள்ளை, செவப்பு, வெள்ளை, செவப்பு, வெள்ளை. புழுதியைக் கூட்டாம மேல மேல அப்பியிருக்காரு. புழுதியைப் பிடிச்சுக்கிட்டு சுண்ணாம்பு நிக்குமா?"

பிறகு வடக்குச் சுவருக்கு அழைத்துப் போனாள். ராசா அந்தப் பக்கம் வருவதே இல்லை என்பதால் ஆபத்சகாயர் அதைத் தொடவில்லை. ராசா உள்ளங்கையை வைத்துத் தேய்த்தார். கையில் வெறும் புழுதி. மாடத்தி விளக்குமாற்றால் நாலு தட்டுத் தட்ட, உள்ளிருந்து பால் போல வெள்ளை எட்டிப் பார்த்தது.

"இது அஞ்சு வருஷத்துப் பூச்சு, ராசா. கையில புழுதி ஒட்டினா கூட்டுங்க. வெள்ளை ஒட்டினா அடிங்க. வெயிலு காயுற மேக்குச் சுவத்துக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா. மத்ததெல்லாம் அஞ்சாறு வருஷம் தாங்கும்."

ராசாவின் முகம் வாடிப்போயிற்று. "அப்படியானால் நிலா வராதா, மாடத்தி?"

கேட்டவிதம் அவளுக்கே பாவமாக இருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் அவரை ஊருணிக்கு அழைத்துப் போனாள். படிகள் எல்லாம் காய்ந்து கிடந்தன. அடியில் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தண்ணீர். கிழக்கே நிலா ஏறியதும் அதில் ஒரு ஓரம் மட்டும் நடுங்கியது.

"நிலா எந்தச் சுவத்துலயும் வந்து உக்காந்து நான் பார்த்ததில்ல, ராசா. அது தண்ணியிலதான் உக்காரும். மூணு மாசமா அதோட பாயைத்தான் நாம சுருட்டிக்கிட்டிருக்கோம்."

ராசா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெட்கமாயிருந்தது. சட்டம் அப்போதே ரத்து. அரண்மனை மேற்பார்வை மாடத்திக்கு, விளக்குமாறு ஆபத்சகாயருக்கு. அவர் சால்வையைத் துவைக்கத் தண்ணீர் கேட்டபோது, "மழை வரட்டும்" என்றார் ராசா.

ஐப்பசியில் மழை வந்தே விட்டது. ஊருணி நிறைந்த பௌர்ணமி மாலையில் ஆபத்சகாயர் சால்வையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மேல்படியில் ராசா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். தண்ணீரில் முழுநிலா.

"உஷ்! இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறது, ஆபத்சகாயரே. அது எழுந்து போகட்டும், பிறகு துவைக்கலாம்."

அவர் சால்வையோடு நின்றார். இந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல நான் கிளம்பி வரும்வரைக்கும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.